ஒரு மிடறு காற்று: ஃபைட்டர் மீனும் அதன் தண்ணீரும்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருங்கி நிற்கும் தெருக்களுக்குப் போனால், வாசலோரத்திலேயே ஓர் அலமாரி கண்ணில் படும். தட்டு முழுக்கக் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் டப்பாக்கள். டப்பாவுக்கு ஒரு மீன். அடுத்தடுத்த டப்பாக்களுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டு செருகியிருக்கும். கடைக்காரர் அதை உருவியதும் இரண்டு மீன்களும் வேறு மீன்களாகிவிடும். துவண்டு தொங்கிய வால் விசிறியாகும், செவுள் மூடி கழுத்துப்பட்டை போல் விரியும், நிறம் ஏறும். பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும். அப்போது கடைக்காரர் சொல்வது ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "இதுக்கு மோட்டார் வேணாம் சார், ஃபில்டர் வேணாம். சும்மா ஒரு பாட்டில்ல போட்டு வெச்சாலே போதும்."

அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையின் பலத்தில்தான் ஃபைட்டர் உலகெங்கும் வீடுகளுக்குள் வந்தது. மீதிப் பாதி தெரியாததால்தான் பல வீடுகளில் சில மாதங்களிலேயே செத்துப்போகிறது. நன்றாக வைத்திருந்தால் 2 முதல் 4 ஆண்டு வாழக்கூடிய மீன் இது. அதன் உடல், வரலாறு, சண்டை, வளர்ப்பு, இனப்பெருக்கம் ஆகியவற்றைப் பற்றி இதுவரை தெரிந்தவற்றை ஒருசேர வைத்துப் பார்த்து, கடைக்காரரின் வாக்கியத்தில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரிப்பதே இக்கட்டுரையின் வேலை.

காற்றைக் குடிக்கும் குடும்பம்

ஃபைட்டரின் அறிவியல் பெயர் பெட்டா ஸ்பிளெண்டென்ஸ். தாய்லாந்தின் மத்திய சமவெளியில் நெல்வயல், சதுப்பு, வாய்க்கால் ஆகியவற்றின் ஆழமில்லாத தண்ணீரே அதன் பிறந்த வீடு. வெயிலில் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இரவில் செடிகளும் பாசியும் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். செவுளை மட்டும் நம்பிய மீனுக்கு அங்கே பிழைப்பில்லை.

ஃபைட்டருக்குச் செவுளோடு இன்னொரு வழியும் உண்டு. தலையின் இருபுறமும், செவுளுக்கு மேலே உள்ள சிறு அறையில், மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகள் இருக்கின்றன. அவற்றின் மேல் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். இதற்கு லாபிரிந்த் உறுப்பு என்று பெயர். மீன் மேலே வந்து ஒரு மிடறு காற்றை வாயில் எடுத்து அந்த அறைக்குள் தள்ளுகிறது. ரத்தம் நேராகக் காற்றிலிருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த ஃபைட்டருக்கு இது விருப்பமான கூடுதல் வசதி அன்று. மேலே வர வழியில்லாமல் அடைத்துவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறும்.

தமிழருக்கு இந்தக் குணம் புதிதல்ல. சந்தையில் ஈரச் சாக்குக்கு அடியில் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும் விராலும் காற்றைச் சுவாசிப்பதுதான். பனையேறிக் கெண்டை ஃபைட்டருக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். அதற்கும் இதே லாபிரிந்த் உறுப்பு உண்டு. அந்த மீன் பனையில் ஏறுவதைக் கண்டதாக ஐரோப்பிய அறிவுலகுக்கு எழுதி அனுப்பியவர் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி. அவர் இருந்த ஊர் தரங்கம்பாடி. அந்தக் குறிப்பு 1797-இல் லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் வந்தது. உண்மையில் அந்த மீன் மரம் ஏறுமா என்ற வழக்கு அதன்பின் நெடுநாள் நடந்தது. காற்றைக் குடிக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் வரவில்லை.

இங்கேதான் கடைக்காரரின் பாதி உண்மை பிறக்கிறது. ஏர் பம்ப் இல்லாத பாட்டிலில் கப்பி சில மணி நேரத்தில் வாயைத் திறந்து தவிக்கும்; ஃபைட்டர் தவிக்காது. ஆனால் லாபிரிந்த் உறுப்பு காற்றை உள்ளே கொண்டுவரும் வாசல் மட்டுமே. மீனின் உடலில் உண்டாகும் அம்மோனியாவும் கரியமில வாயுவின் பெரும்பங்கும் செவுள் வழியாகத் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். சுவாசம் மேலே இருக்க, கழிவு கீழே சேர்கிறது. பாட்டில் வாதம் உடைவது இந்த இடத்தில்.

நெல்வயலிலிருந்து அலமாரிக்கு

தாய்லாந்து மொழியில் இதன் பெயர் 'பிளா கட்': கடிக்கும் மீன். வயலில் பிடித்து, சட்டியில் வைத்துப் பழக்கி, பந்தயம் கட்டிச் சண்டைக்கு விட்ட மரபு அங்கே மிகப் பழையது. அது எவ்வளவு பழையது என்பதற்கு அண்மையில் மரபணுவிலிருந்து விடை வந்தது. 2022-இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான ஆய்வு, காட்டு மீன்கள், வளர்ப்பு மீன்கள் ஆகியவற்றின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு, இந்த மீனை மனிதர் வளர்ப்பாக்கியது குறைந்தது 1,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்றது. வளர்ப்பு மீன்களில் பெரும்பகுதி பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்தான் என்றாலும், நெருங்கிய பிற இனங்களின் கலப்பும் அவற்றில் தெரிகிறது.

பெயர் சூட்டிய கதையில் ஒரு குழப்பம் உண்டு. டென்மார்க்கில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராக இருந்த தியடோர் கேன்டர், 1849-இல் வெளியிட்ட மலாய் மீன் பட்டியலில் இதை வேறொரு இனத்தின் பெயரால் விவரித்துவிட்டார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டேட் ரீகன் 1910-இல் பிழையைக் கண்டு, 'ஒளி மிகுந்த' என்று பொருள்படும் ஸ்பிளெண்டென்ஸ் என்ற பெயரைக் கொடுத்தார். மீன் அதற்குள்ளேயே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பியரின் கண்ணாடித் தொட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பல வார நெடுங்கடல் பயணங்களில் இதர மீன்கள் செத்தபோது இது பிழைத்ததற்குக் காரணம் அந்த ஒரு மிடறு காற்றுதான். இன்றைய வணிகத்துக்கும் அதே கணக்கு. ஒரு ஃபைட்டரைச் சில மேசைக்கரண்டித் தண்ணீரோடு சிறு பையில் கட்டி விமானத்தில் ஏற்றலாம். தண்ணீர் குறைந்தால் எடை குறைகிறது, எடை குறைந்தால் செலவு குறைகிறது. தாய்லாந்தின் நகோன் பத்தோம் மாகாணப் பண்ணைகளில் ஆண் மீன்களைத் தட்டையான கண்ணாடிப் புட்டிகளில் ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கி வளர்க்கிறார்கள். 2016 நவம்பரில் தாய்லாந்துக் கொடியின் நிறங்களைக் கொண்ட ஒரு மீன் ஏலத்தில் 53,500 பாட்டுக்கு விலைபோனது. 2019 பிப்ரவரியில் தாய்லாந்து அரசு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

சண்டையைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

காட்டில் இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் பெரும்பாலும் மிரட்டலோடு முடிந்துவிடும். செவுளை விரித்து, பக்கவாட்டில் நின்று உடலைக் காட்டி, தோற்பது ஓடிவிடும். ஓட இடம் இருக்கிறது. பல தலைமுறைகளாகச் சண்டைக்கென்றே பொறுக்கி வளர்த்த மீன்களோ விடாமல் மோதும். மனிதர் பொறுக்கியது கோபத்தை அல்ல, விடாப்பிடியை என்று சொல்லலாம்.

இந்த மீனின் சண்டை நெடுங்காலமாக ஆய்வாளர்களுக்குப் பாடப்புத்தகமாக இருந்துவருகிறது. 1998-இல் ஒலிவேரா, மெக்ரெகர், லாட்ருஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு சுவாரசியமானது. பக்கத்துத் தொட்டியில் இரண்டு ஆண்கள் மோதுவதை மூன்றாவது மீன் வேடிக்கை பார்க்கிறது. பிறகு, தான் பார்த்த சண்டையில் வென்ற மீனை எதிர்கொள்ளும்போது, அது நெருங்கத் தயங்குகிறது. தான் நேரில் மோதிப் பெறாத அனுபவத்தை அடுத்தவன் சண்டையிலிருந்து பெற்றுக்கொள்கிறது. 2020-இல் பிளாஸ் ஜெனெட்டிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, நீண்ட நேரம் மோதும் இணையின் அசைவுகள் ஒத்திசைந்து போவதையும், இரண்டின் மூளையிலும் மரபணுச் செயல்பாடு ஒன்றுபோல் ஆவதையும் காட்டியது.

வளர்ப்பவருக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள். எதிரே ஆண் மீன் தெரிந்தபடி நாள் முழுக்க அடுக்கி வைத்த டப்பா, முடிவில்லாத சண்டைக்களம். அட்டைத் துண்டு அலங்காரத்துக்காக இருப்பதல்ல. கண்ணாடியைக் காட்டி விரியவைப்பதும் ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பந்தயத்துக்காக மீன்களை மோதவிடுவதைப் பொறுத்தவரை, இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டத்தில் விலங்கு என்றால் மனிதரல்லாத எந்த உயிரும். மீனும் அதில் அடக்கம்.

எவ்வளவு தண்ணீர்?

வளர்ப்போரிடையே தீராத வழக்கு இதுதான். பாட்டில் கட்சியின் வாதங்களை நேர்மையாக எடுத்து வைப்போம். ஒன்று: காட்டில் இது குட்டையில்தானே இருக்கிறது. இரண்டு: ஆண்களைச் சேர்த்து வைக்க முடியாது, ஆயிரம் மீனுக்கு ஆயிரம் தொட்டி யார் வைப்பது? மூன்று: தினமும் தண்ணீர் மாற்றினால் சிறு பாத்திரத்திலும் மீன் நன்றாக இருக்கிறது.

முதல் வாதம் ஆழத்தையும் பரப்பையும் குழப்புகிறது. நெல்வயல் ஆழமில்லாதது, ஆனால் அதன் பரப்பு ஏக்கர் கணக்கு. செடிகளுக்கிடையே தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொண்டு சுற்றித் திரியும் மீன் அது. நீர்மட்டம் ஒரு சாண் என்பதால் இடமும் ஒரு சாண் என்று ஆகிவிடாது.

மூன்றாவது வாதத்துக்கு வேதியியல் பதில் சொல்லும். மீன் தின்ற உணவு அம்மோனியாவாக வெளியேறுகிறது. முதிர்ந்த தொட்டியில் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியாக் குடும்பம் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். பாட்டிலில் அதற்கு இடமே இல்லை. அரை லிட்டரில் சேரும் கழிவு, அதே நேரத்தில் 20 லிட்டரில் நாற்பதில் ஒரு பங்கு செறிவில்தான் இருக்கும். தண்ணீரின் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் நஞ்சான வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பமும் அதைக் கூட்டும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர் தண்ணீர், மே மாத வெயில், ஜன்னலோர பாட்டில் மூன்றும் சேர்ந்தால் மீன் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முழுத் தண்ணீரையும் தினமும் மாற்றினால் அம்மோனியா நீங்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் சூடும் பி.எச்.சும் தடாலென மாறும் அதிர்ச்சியை மீன் தாங்க வேண்டும்.

பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட தொகுப்புக் கட்டுரை, கடையிலும் வீட்டிலும் இந்த மீனின் நலத்தைத் தனியே எடுத்துப் பரிசீலித்தது. பாத்திரத்தின் அளவு, தண்ணீரின் தரம், ஒளிந்துகொள்ள இடம், எதிரி கண்ணில் படுவது எல்லாம் அதில் அடக்கம். அனுபவமுள்ள வளர்ப்போர் இன்று பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும் அளவு ஒரு மீனுக்கு 15 முதல் 20 லிட்டர். நம் கணக்கில் சொன்னால், வீட்டுக்கு வரும் ஒரு கேன் தண்ணீர்.

இரண்டாவது வாதம் மட்டும் ஓரளவு நிற்கிறது. பண்ணையிலும் கடையிலும் ஆண் மீனைச் சில வாரம் சிறு பாத்திரத்தில் பிரித்து வைக்காமல் முடியாது. அதைப் பேருந்து நிலையம் போலப் பார்க்கலாம். ஓர் இரவு தங்கலாம், குடித்தனம் நடத்த முடியாது.

வீட்டில் வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தண்ணீர் 26 முதல் 28 டிகிரி. சென்னையிலோ மதுரையிலோ ஹீட்டர் தேவைப்படாது, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் தேவைப்படும். மெதுவாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வேகமான நீரோட்டம் நீண்ட வாலை இழுத்துக் களைப்பாக்கும். மீன் துள்ளும் என்பதால் மூடி கட்டாயம். மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே மூச்செடுக்க இடைவெளியும் கட்டாயம். குழாய்த் தண்ணீரின் குளோரினைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தோ, கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்திட்டோ போக்க வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லை. அதை மட்டும் ஊற்றக் கூடாது. தீனி சிறிதாக, நாளுக்கு ஒன்றிரண்டு வேளை. மிஞ்சிய தீனி மீனின் வயிற்றையும் கெடுக்கும், தண்ணீரையும் கெடுக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் நோய்களில் பெரும்பாலானவை வாசலிலேயே நின்றுவிடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கைவிட வேண்டாம்; மீன்களிடமிருந்து மனிதத் தோலுக்குத் தொற்றக்கூடிய ஒரு மைக்கோபாக்டீரியா உண்டு.

நுரைக்கூட்டின் கீழே

ஃபைட்டரை முட்டையிட வைப்பது கடினமல்ல. அது நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவர், மீனைப் பற்றிய தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வார்.

ஆணையும் பெண்ணையும் ஒன்றிரண்டு வாரம் தனித்தனியே வைத்து உயிர்த்தீனி கொடுத்துத் தயார் செய்ய வேண்டும். கொசுப்புழு, மொய்னா, ஆர்ட்டீமியா ஏதாவது. சாக்கடையில் பிடித்த டியூபிஃபெக்ஸ் புழு மலிவுதான். நோயும் அதோடு இலவசம். தொட்டியில் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர். காற்றுக் குமிழி வேண்டாம், மணல் வேண்டாம். ஒரு மூலையில் நெடுக்குவாட்டில் பாதியாய் வெட்டிய தெர்மாகோல் கப்பையோ, ஒரு வாதாங்கொட்டை இலையையோ மிதக்க விடுவார்கள். நம் தெருக்களில் சிவந்து உதிர்ந்து குவியும் அதே நாட்டுவாதுமை இலை. அது தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, லேசாக அமிலமாக்கும். தென்கிழக்கு ஆசியாவில் வளர்ப்போர் இதைத் தலைமுறைகளாகப் பயன்படுத்துகிறார்கள்.

பெண்ணை முதலில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் வைத்து ஆணுக்குக் காட்ட வேண்டும். ஆண் மேலே போய் ஒரு மிடறு காற்றை எடுத்து, வாயின் பசையைப் பூசி, குமிழியாக இலைக்கடியில் விடும். அடுத்த மிடறு, அடுத்த குமிழி. ஓரிரவில் உள்ளங்கை அகலத்துக்கு நுரைக்கூடு எழுந்துவிடும். பெண்ணின் உடலில் செங்குத்துக் கோடுகள் தெளிந்து, வயிறு உப்பி, அடியில் வெண்புள்ளி தெரிந்தால் அது தயார். அப்போதுதான் குவளையை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஆண் பெண்ணைக் கிழித்துவிடும்.

சில மணி நேரத் துரத்தலுக்குப் பின் பெண் தலை தாழ்த்திக் கூட்டுக்கடியில் வரும். ஆண் தன் உடலை வளைத்து அதைச் சுற்றிக்கொள்ளும். சில நொடிகள் இரண்டும் அசையாது. பிறகு பிடி தளர, வெண்மணல் போல முட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கும். பெண் இன்னும் மயங்கிப் பக்கவாட்டில் மிதந்துகொண்டிருக்கும். ஆண் பாய்ந்து கீழே போய், விழும் முட்டைகளை வாயில் பொறுக்கி, மேலே வந்து ஒவ்வொரு குமிழிக்குள்ளும் ஊதி வைக்கும். மறுபடி அணைப்பு, மறுபடி பொறுக்கல். இப்படிப் பல முறை, பல மணி நேரம். சில பெண்கள் பொறுக்க உதவும், சில தின்றுவிடும். மொத்தம் நூறிலிருந்து சில நூறு முட்டைகள். முடிந்ததும் ஆண் பெண்ணை விரட்டும். உடனே பெண்ணை எடுத்துவிட வேண்டும்.

நுரைக்கூடு ஏன் என்பதற்கும் விடை அந்தச் சேற்றுத் தண்ணீர்தான். அடியில் கிடந்தால் முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அதனால் தகப்பன் முட்டையைக் காற்றோடு ஒட்டி, நீரின் மேல்தோலில் தொங்கவிடுகிறது. தனக்கு உயிர் தந்த காற்றைத் தன் பிள்ளைகளுக்கும் வாயால் கட்டிக்கொடுக்கிறது. 24 முதல் 48 மணி நேரத்தில் குஞ்சு பொரியும். வால் கீழாக, கூட்டிலிருந்து கமா போலத் தொங்கும். ஒன்று நழுவி விழும். ஆண் அதை வாயில் எடுத்து மேலே துப்பும். இன்னொன்று விழும். இரவில் ஒரு மங்கலான விளக்கு எரியவிடுவது வழக்கம், தகப்பனுக்குக் கண் தெரிய வேண்டுமல்லவா. அண்டை மீனைக் கிழிக்கத் துடித்த அதே வாய்தான்.

எண்ணிக்கை எங்கே குறைகிறது

முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தத் தொடங்கும். ஆணை எடுத்துவிட வேண்டிய நேரம் இது. உண்மையான வேலையும் இங்கேதான் தொடங்குகிறது. புதிதாக இனப்பெருக்கம் செய்பவர்களில் பெரும்பாலோர் தோற்பது முட்டையில் அல்ல, இந்த வாரங்களில்.

முதல் இடறல் பசி. குஞ்சின் வாய்க்குப் பவுடர் தீனியும் பெரிது. இன்ஃபுசோரியா எனப்படும் நுண்ணுயிர்கள் வேண்டும். வைக்கோலையோ வாழைப்பழத் தோலையோ தண்ணீரில் ஊறவைத்து, ஒரு வாரம் முன்னரே தயார் செய்யலாம். முட்டை பொரிந்தபின் தொடங்கினால் காலம் கடந்துவிட்டது. நான்கைந்து நாளுக்குப் பின், உப்புத் தண்ணீரில் ஒரு நாளில் பொரியும் ஆர்ட்டீமியா குஞ்சுகள். ஆரஞ்சு நிறத்தில் நிரம்பிய வயிறு கண்ணாடி வழியே தெரிந்தால் பிழைக்கும் என்று நம்பலாம்.

இரண்டாவது இடறல் மூச்சு. லாபிரிந்த் உறுப்பு பிறவியிலேயே வேலை செய்வதில்லை. சுமார் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில்தான் உருவாகிறது. அதுவரை குஞ்சு செவுளையே நம்பியிருக்கிறது. ஆகவே அந்த வயதில் தண்ணீரின் தரம் பெரிய மீனுக்குத் தேவைப்படுவதைவிடக் கூடுதல் முக்கியம். முதல் மிடறு காற்றை எடுக்கும் நாள்களில் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருக்கக் கூடாது. மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும். தொட்டியை இறுக்கமாக மூடி வைப்பதன் காரணம் அது.

மூன்றாவது இடறல் இடம். எட்டிலிருந்து பத்து வாரத்தில் ஆண்கள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். ஓர் ஈட்டில் 200 குஞ்சு பிழைத்தால், ஏறக்குறைய 100 ஆண். 100 ஆணுக்கு 100 பாத்திரம், 100 முறை தண்ணீர் மாற்றம், 100 முறை தீனி. பொழுதுபோக்காக ஓர் இணையைச் சேர்ப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி முட்டையிடுமா என்பதல்ல, இந்த நூறை எங்கே வைப்பேன் என்பது. கொளத்தூரிலும் தாய்லாந்திலும் இந்த உழைப்பைக் குடும்பமாகச் செய்பவர்கள் இருப்பதால்தான் கடையில் மீன் மலிவாகக் கிடைக்கிறது.

அழகின் கணக்கு

எந்த இணை என்பதும் முக்கியம். காட்டு மீன் குட்டை வாலும் மங்கிய பழுப்பும் கொண்டது. இன்று சந்தையில், வால் தொங்கும் வகை, 180 டிகிரி விரியும் ஹாஃப்மூன், 1990-களின் இறுதியில் இந்தோனேசியாவில் உருவான கிரவுன்டெயில், சண்டை மீனின் குட்டை வாலைத் தக்கவைத்த பிளக்காட் என வகைகள் பல. நிறமும் விதிப்படி வருவது. ராயல் புளூ ஆணையும் ராயல் புளூ பெண்ணையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சும் ராயல் புளூவாக வராது, பாதிதான் வரும். கால் பங்கு சாம்பல் கலந்த ஸ்டீல் புளூ, கால் பங்கு பச்சை கலந்த டர்க்காய்ஸ். ஒரே மரபணுவின் இரு வடிவங்களும் ஒன்று சேர்ந்தால்தான் ராயல் புளூ என்பது காரணம். பள்ளியில் மெண்டல் விதி படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

அழகுக்கு மீன் கொடுக்கும் விலையும் உண்டு. மெலனோ எனப்படும் அடர்கருப்பு வகைப் பெண்களின் முட்டை பொரிப்பதில்லை. உலோகத் தகடு போல் தடித்த செதில் கொண்ட டிராகன் வகையில், அந்தச் செதில் கண்மீதும் படர்ந்து பார்வையை மறைப்பதுண்டு. அளவுக்கு மீறி மடிந்த வால்கள் நீந்தவிடாமல் இழுக்கின்றன. சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக்கொள்கின்றன. மேலே போய் மூச்செடுத்தே ஆக வேண்டிய மீனுக்கு, மேலே போவதையே கடினமாக்கும் வாலைக் கொடுத்திருக்கிறோம்.

வயலில் மிஞ்சியிருப்பது

கோடிக்கணக்கில் வளர்க்கப்படும் இந்த மீன், தன் சொந்த வயலில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் 'அழிவாய்ப்புள்ள' பட்டியலில் இருக்கிறது. சதுப்புகள் தூர்ந்துபோவதும், மாசும், பண்ணை மீன்கள் தப்பிக் காட்டு மீன்களோடு கலப்பதும் காரணங்கள். மறுபுறம், ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் இது அந்நிய இனமாகக் குடியேறிவிட்டது. வேண்டாத ஃபைட்டரை ஏரியில் விடுவது கருணை அல்ல என்பதற்கு அது போதும்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. வாய்க்காலிலும் வயலிலும் நுரைக்கூடு கட்டி, காற்றைக் குடித்து வாழும் விரல் நீள மீன். ஃபைட்டரின் அதே துணைக்குடும்பம். 1831-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே அதற்கு இட்ட 'கூபானஸ்' என்ற பெயர், புதுச்சேரி அரியாங்குப்பத்து ஆற்றிலிருந்து வந்தது. தாய்லாந்து தன் வயல் மீனைத் தேசியச் சின்னமாக்கியது. நம்முடையதற்கு ஊர்ப்பெயர் அறிவியலில் இருக்கிறது, ஊரில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

முடிவாக

கடைக்காரரின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். மோட்டார் வேண்டாம் என்பது ஏறக்குறைய சரி. இந்த மீனுக்கு ஆக்சிஜன் ஊட்ட வேண்டியதில்லை. ஃபில்டர் வேண்டாம் என்பது தவறு. கழிவு போக வழி வேண்டும். பாட்டில் போதும் என்பது தவறு. அது பயணத்துக்கான பாத்திரம். ஃபைட்டர் பாட்டிலில் உடனே சாகாததால்தான் பாட்டிலில் வைக்கப்படுகிறது. தன் தாக்குப்பிடிக்கும் திறனுக்காகவே தண்டிக்கப்படும் மீன் இது.

வாங்க நினைப்பவர் முதலில் தொட்டியை வாங்கி, தண்ணீர் நிரப்பி, ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு மாதம் பொறுத்திருக்கட்டும். பிறகு ஒரே ஒரு மீன், ஒரு கேன் தண்ணீர், ஒரு மூடி, உதிர்ந்த ஒரு வாதாங்கொட்டை இலை. காற்றை அது தானே எடுத்துக்கொள்ளும்.